மருத்துவச் செலவின் பலன் யாருக்குப் போய்ச் சேர்ந்தது?



ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டம் தாக்கல் செய்யப்படும்போது சுகாதார அமைச்சுக்கு இத்தனை பில்லியன் வெள்ளி ஒதுக்கீடு என்று செய்தி வருகிறது. நாமும் படிக்கிறோம், அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். அந்தப் பணம் எந்த வீட்டு வாசல்வரை வந்தது, எந்த வீட்டைத் தாண்டிப் போய்விட்டது என்று கேட்பது நம் வழக்கத்தில் இல்லை. அதைக் கேட்டவர்கள் பொருளியலாளர்கள். அந்தக் கேள்வியை முறையாகக் கேட்டு, வீடு வீடாகக் கணக்கெடுத்து விடை தேடிய ஆய்வுகள் உலகில் முதன்முதலில் நடந்த ஒரு சில நாடுகளில் நம் மலேசியாவும் ஒன்று. இது நம்மில் பலருக்குத் தெரியாது.

அந்தக் கணக்குக்கு வருவதற்கு முன் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. 1974ஆம் ஆண்டில் எடுத்த கணக்கின் வேர் 1901ஆம் ஆண்டுக் கிள்ளானில் இருக்கிறது.

கிள்ளானில் ஒரு பாடம்

1901 தொடக்கத்தில் மால்கம் வாட்சன் என்ற இளம் ஸ்காட்லாந்து மருத்துவர் கிள்ளானுக்கு மாவட்ட மருத்துவராக வந்து சேர்ந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம், அதாவது இன்றைய போர்ட் கிள்ளான், திறக்கப்பட்டது. திறந்த சில வாரங்களிலேயே கூலிகள், ரயில்வே ஊழியர்கள், அதிகாரிகள் என்று ஒருவர் பாக்கியில்லாமல் மலேரியா காய்ச்சலில் விழுந்தார்கள். துறைமுகத்தையே மூடிவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்று ரொனால்டு ராஸ் இந்தியாவில் கண்டுபிடித்து அப்போது நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தப் புத்தம் புதிய அறிவை வைத்துக்கொண்டு வாட்சன் சதுப்பு நிலத்தை வடிகால் வெட்டி வற்றச் செய்தார்.

பலன் கைமேல் கிடைத்தது. கிள்ளான் பட்டணத்திலும் துறைமுகத்திலும் சேர்த்து 1901இல் பதிவான மரணங்கள் 582. மறு ஆண்டு அது 144 ஆகக் குறைந்தது. இவ்வளவையும் பாராட்டிவிட்டு அடுத்த வரியைப் படிக்க வேண்டும். பட்டணத்து எல்லைக்கு வெளியே, அதே மாவட்டத்தின் மற்றப் பகுதிகளில், மரணம் அப்படிக் குறையவில்லை. வடிகால் வெட்டப்பட்டது பட்டணத்தில்தான். ஏற்றுமதி நடக்கும் துறைமுகத்தைக் காப்பாற்ற அரசாங்கம் காசு செலவழித்தது. அந்தத் துறைமுகத்துக்கு ரப்பர் அனுப்பப்போகும் தோட்டங்களில் அந்தக் காசை யார் செலவழிப்பது என்ற கேள்விக்கு அப்போது பதில் இல்லை.

ஆயிரத்துக்கு அறுபத்து மூன்று

பதில் இல்லாததன் விலையைக் கொடுத்தவர்கள் நம் மூதாதையர். 1911ஆம் ஆண்டு கூட்டு மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் 143,614 தொழிலாளர்கள் இருந்தார்கள், பெரும்பாலோர் தமிழர்கள். அந்த ஓராண்டில் இறந்தவர்கள் 9,040 பேர். ஆயிரத்துக்கு 62.9 என்ற விகிதம். இந்த எண்ணின் கொடுமை புரிய வேண்டுமானால் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். இது முதியவர்களும் கைக்குழந்தைகளும் நிறைந்த ஊரின் மரண விகிதம் அல்ல. உழைக்கும் வயதில், உடல் நலம் பார்த்துப் பொறுக்கியெடுத்துக் கப்பலேற்றப்பட்ட ஆண் பெண்களின் மரண விகிதம்!

மலைச்சரிவுத் தோட்டங்களில்தான் சாவு அதிகம். காட்டை வெட்டியதும் நிழலில் ஓடிய சிற்றோடைகள் வெயிலில் திறந்து கிடந்தன. வெயில் படும் தெளிந்த நீரில் முட்டையிடும் ஒரு கொசு இனம் அங்கே பெருகியது. சமவெளிச் சதுப்பில் காட்டை அழித்தால் மலேரியா குறையும். மலைச்சரிவில் அழித்தால் கூடும். இதை வாட்சன் தோட்டம் தோட்டமாகச் சுற்றிக் கண்டறிந்து 1911இல் நூலாகவே எழுதினார். தோட்ட முதலாளிகளிடம் அவர் இரக்கத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. வடிகாலுக்கும் எண்ணெய் தெளிப்பதற்கும் ஆகும் செலவைவிட, நோயில் கிடக்கும் ஆட்களும் செத்தவர்களுக்குப் பதிலாக வரவழைக்கும் ஆட்களும் அதிகச் செலவு வைப்பார்கள் என்று கணக்குக் காட்டினார். சுகாதாரப் பொருளியல் என்ற துறை பிறப்பதற்கு அரை நூற்றாண்டு முன்பே பேசப்பட்ட சுகாதாரப் பொருளியல் அது என்று சொல்லலாம்.

அப்படியானால் எல்லாத் துரைமார்களும் உடனே ஏன் வடிகால் வெட்டவில்லை? இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைக் கொண்டுவரும் செலவை எல்லா முதலாளிகளும் வரியாகச் செலுத்தி அந்த நிதியிலிருந்து பகிர்ந்துகொண்டார்கள். ஆள் கொண்டுவரும் செலவு எல்லோருடைய தலையிலும் விழுகிறது. ஆனால் வடிகால் வெட்டும் செலவு அந்தந்தத் தோட்டத்தின் தலையில் மட்டும் விழுகிறது. ஒரு தோட்டத்தில் பத்துப் பேர் செத்தால், பதிலுக்கு வரும் பத்துப் பேரின் கப்பல் செலவில் பெரும்பகுதியைப் பக்கத்துத் தோட்டத்துக்காரன் கட்டுகிறான். நல்ல தோட்டம் கெட்ட தோட்டத்துக்கு மானியம் கொடுத்த கதைதான் இது. அதே சமயம் 1910இல் ஒப்பந்தக் கூலி முறை ஒழிக்கப்பட்ட பிறகு, ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுத் தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போகலாம் என்ற நிலை வந்தது. காய்ச்சல் தோட்டம் என்று பெயர் வாங்கிய இடத்துக்கு ஆள் கிடைப்பது கடினமாயிற்று. என் கருத்தில், துரைமார்களின் மனத்தை மாற்றியதில் அரசாங்க அறிவுரையைவிடத் தொழிலாளியின் கால்களுக்குப் பங்கு அதிகம்.

(இங்கே ஒரு சிறு கிளைக்கதை. அதே காலத்தில் சீனச் சுரங்கத் தொழிலாளர்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்ற பெரிபெரி நோய் தமிழர்களை அவ்வளவாக அண்டவில்லை. பிராடன் என்ற மருத்துவர் இதைக் கவனித்தார். தமிழர்கள் உண்டது புழுங்கல் அரிசி. சீனர்கள் உண்டது தீட்டிய வெள்ளை அரிசி. கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டான்டனும் நெகிரி செம்பிலானில் தொழிலாளர்களிடையே சோதனை நடத்தி இதை உறுதிப்படுத்தினார்கள். அந்த ஒரு நோயிலாவது நம் பாட்டிமார்களின் சமையல் நம்மைக் காப்பாற்றியது.)

டிரசரின் ராஜ்யம்

1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, தோட்டத் தொழிலாளிக்கு மருத்துவ வசதி செய்து தருவது முதலாளியின் கடமை என்று உறுதிப்படுத்தியது. நல்ல சட்டம்தானே என்று தோன்றும். ஒரு வகையில் நல்லதுதான். தோட்டத்துக்கு ஓர் ஆஸ்பத்திரி வந்தது. பெரிய கம்பெனித் தோட்டங்கள் சில ஒன்றுசேர்ந்து மருத்துவரை நியமித்தன. மற்ற இடங்களில் ஆட்சி செய்தவர் டிரசர். காலையில் பெரட்டுக் களத்தில் கொய்னாவை விழுங்க வைப்பது, காயத்துக்குக் கட்டுப் போடுவது, புட்டியில் மிக்சர் ஊற்றிக் கொடுப்பது, இன்றைக்கு இவன் வேலைக்குப் போகலாமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்வது எல்லாம் அவர்தான். தோட்டத்தில் வளர்ந்தவர்கள் அவரை மறந்திருக்க மாட்டார்கள். சில டிரசர்கள் தெய்வமாகவே இருந்தார்கள். ஆனால் அவருக்குச் சம்பளம் கொடுத்தது தோட்ட நிர்வாகம். நோயாளி படுத்துக்கொள்ள வேண்டும் என்று டிரசர் சொன்னால் துரைக்கு ஒரு நாள் வேலை நட்டம். இரண்டு எசமானுக்கு இடையில் நின்றவர் அவர்.

1920களின் தோட்டச் சுகாதாரத்தை ஆராய்ந்த நார்மன் பார்மர், காலனித்துவ மலாயாவின் நோயும் அரசும் பற்றி 1996இல் நூல் வெளியிட்ட லெனோர் மேண்டர்சன் போன்ற வரலாற்று ஆய்வாளர்கள் இதை விரிவாக எழுதியிருக்கிறார்கள். 1926இல் தோட்டங்களுக்கான சுகாதார வாரியச் சட்டம் கொண்டுவரப்பட்டபோது தோட்ட முதலாளிகளிடமிருந்து கடும் எதிர்ப்பு வந்தது. பொது நிர்வாகம் தோட்ட எல்லைக்குள் மூக்கை நுழைப்பதை அவர்கள் விரும்பவில்லை.

1930களில் தோட்டங்களில் மரண விகிதம் வெகுவாகக் குறைந்துவிட்டது என்று அறிக்கைகள் பெருமையோடு சொல்கின்றன. வடிகாலும் மருந்தும் இதில் பெரும்பங்கு வகித்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் உலகப் பொருளாதார மந்தத்தின்போது, 1930 முதல் 1932 வரை, லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். நாகப்பட்டினத்தில் இறங்கி ஊர் போய்ச் சேர்ந்து இறந்தவனின் பெயர் மலாயாவின் மரணக் கணக்கில் ஏறாது. யாரை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் எண்கள் அழகாகவும் அசிங்கமாகவும் தெரிகின்றன.

கிராமத்துக்கு வந்த கிளினிக்

சுதந்திரத்தை ஒட்டி 1950களின் நடுவில் கிராமப்புறச் சுகாதாரச் சேவை தொடங்கியது. 50,000 பேருக்கு ஒரு பெரிய சுகாதார மையம், 10,000 பேருக்கு ஒரு துணை மையம், 2,000 பேருக்கு ஒரு மருத்துவச்சி கிளினிக் என்று மூன்று அடுக்கு. கம்பத்தில் பரம்பரையாகப் பிள்ளைப்பேறு பார்த்து வந்த பீடான்களை விரட்டாமல், பயிற்சி கொடுத்து அரசாங்க மருத்துவச்சியோடு சேர்ந்து வேலை செய்ய வைத்தார்கள். மலேசியாவிலும் இலங்கையிலும் பிரசவத்தில் தாய் இறப்பது எப்படி இவ்வளவு வேகமாகக் குறைந்தது என்று உலக வங்கி 2003இல் ஒரு தனி நூலே வெளியிட்டது. இந்திரா பத்மநாதனும் மற்றவர்களும் எழுதிய நூல் அது. பணக்கார நாடாக ஆகும்வரை காத்திருக்கத் தேவையில்லை, மருத்துவச்சி நடந்து போகும் தூரத்தில் இருந்தால் போதும் என்பதற்கு இவ்விரு நாடுகளையும் அந்நூல் சான்றாகக் காட்டியது.

இவ்விரு நாடுகளுக்கும் இன்னோர் ஒற்றுமையும் உண்டு. இரண்டிலும் தோட்டம் தனித் தீவாக நின்றது. இலங்கையின் மலையகத் தோட்டங்களில் சிசு மரணம் நீண்ட காலம் நாட்டின் சராசரியைவிட மிக அதிகமாக இருந்தது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான பிறகுதான் அரசாங்கச் சுகாதாரச் சேவை மெல்ல மெல்ல உள்ளே நுழைந்தது. இங்கும் கிராமப்புறச் சேவையின் வரைபடத்தில் கம்பம் இருந்தது. தோட்டமோ முதலாளியின் பொறுப்பு; 1912ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிழல் அது. முதலாளியின் கடமை என்று ஒரு சட்டம் சொல்லிவிட்டால், அரசாங்கத்தின் கடமை அல்ல என்று இன்னொரு கோப்பு சொல்லிவிடும்.

வீடு வீடாக ஒரு கணக்கு

இனி நம் கணக்குக்கு வருவோம். 1974இல் ஜேக்கப் மீர்மன் என்ற பொருளியலாளர் உலக வங்கியின் ஆய்வுக்காகத் தீபகற்ப மலேசியாவில் சுமார் 1,500 குடும்பங்களைக் கணக்கெடுத்தார். புதிய பொருளாதாரக் கொள்கை வந்து மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. ஏறத்தாழ அதே காலத்தில் மார்செலோ செலோவ்ஸ்கி கொலம்பியாவில் இதே வகை ஆய்வைச் செய்தார். இரண்டு நூல்களும் 1979இல் வெளிவந்தன.

முறை எளிமையானது. அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒருவர் ஒரு நாள் படுத்தால் அரசாங்கத்துக்கு எவ்வளவு செலவு? கிளினிக்கில் ஒரு முறை மருந்து வாங்கினால் எவ்வளவு? அதில் நோயாளி கொடுத்த கட்டணத்தைக் கழித்துவிடுங்கள், மீதி மானியம். பிறகு ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை முறை போனார்கள் என்று கேட்டுப் பெருக்கிவிடுங்கள். அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்த அரசாங்கப் பணம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். வீடுகளை ஏழை முதல் பணக்காரர் வரை ஐந்து பங்காக வரிசைப்படுத்தினால், எந்தப் பங்குக்கு எவ்வளவு போனது என்று விளங்கும்.

விடை பலரை வியப்பில் ஆழ்த்தியது. வளரும் நாடுகள் பலவற்றில் ஆஸ்பத்திரிச் செலவின் பெரும்பகுதி நகரத்து வசதிபடைத்தோருக்கே போகும். மலேசியாவில் ஏழை வீட்டுக்கும் பணக்கார வீட்டுக்கும் ஏறத்தாழ சமமாகப் போயிருந்தது. வருமானத்தோடு ஒப்பிட்டால் ஏழைக்கு அது பெரிய உதவி. வேறொரு பொருளியலாளரான பீட்டர் ஹெல்லர் மலேசியக் குடும்பங்களை ஆராய்ந்து இன்னொன்றைச் சொன்னார். நோய் வந்தால் மக்கள் எப்படியும் மருத்துவம் தேடிப் போகிறார்கள். கட்டணம் கூடினாலும் குறைந்தாலும் மொத்தத்தில் அதிக மாற்றம் இல்லை. ஆனால் எங்கே போவது என்பதை மட்டும் ஒப்பீட்டு விலை தீர்மானிக்கிறது என்பது அவர் முடிவு.

மீர்மனின் கணக்கை மதிக்கும் அதே வேளையில் இரண்டு இடங்களில் நான் நின்று யோசிக்கிறேன். முதலாவது, சமமாகக் கிடைப்பது போதுமா? ஏழைக்கு நோய் அதிகம். ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற மருத்துவர் வேல்ஸ் நாட்டின் ஒரு சுரங்கக் கிராமத்தில் பணியாற்றியவர். தேவை எங்கே அதிகமோ அங்கே நல்ல மருத்துவம் குறைவாகவே கிடைக்கிறது என்று 1971இல் அவர் எழுதிய கட்டுரை உலகப் புகழ் பெற்றது. நோய் இரண்டு மடங்கு இருக்கும் வீட்டுக்கு மருந்து ஒரே அளவு என்றால் அது சமமா?

இரண்டாவது, டிரசரிடம் மருந்து வாங்கிய தோட்டக் குடும்பம் இந்தக் கணக்கில் எங்கே நிற்கிறது? அது அரசாங்கச் செலவு அல்ல. எனவே மானியப் பத்தியில் ஏறாது. முதலாளி செலவழித்தார் என்று சொல்வீர்கள். ஆனால் அந்தச் செலவு முதலாளியின் லாபத்திலிருந்து வந்ததா, அல்லது தொழிலாளிக்குக் கொடுத்திருக்க வேண்டிய சம்பளத்திலிருந்து பிடிக்கப்பட்டதா? வீடு இலவசம், மருத்துவம் இலவசம் என்று காட்டித்தானே கூலியைக் குறைத்து வைத்தார்கள்! கம்பத்துக்காரருக்கு மருத்துவச்சியின் சம்பளத்தை நாடே கொடுத்தது. தோட்டத்துக்காரர் தம் டிரசரின் சம்பளத்தைப் பெரும்பாலும் தாமே கொடுத்தார். கொடுத்தது அவருக்கே தெரியாது.

1976-77இல் ராண்ட் ஆய்வுக் கழகம் 1,262 பெண்களிடம் நடத்திய மலேசியக் குடும்ப வாழ்க்கை ஆய்வும் குறிப்பிடத்தக்கது. ஜூலி டாவான்சோ முதலியோர் அதை வைத்துச் சிசு மரணத்தை ஆராய்ந்தார்கள். கழிப்பறையும் குழாய்த் தண்ணீரும் இல்லாத வீட்டில், தாய்ப்பால் கிடைக்காத குழந்தைக்குத்தான் ஆபத்து மிக அதிகம் என்று தெரிய வந்தது. தோட்டத்து லயங்களில் பால் மரத்துக்குப் போன தாய், குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் போனாள் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

வசதியானவர்கள் வெளியேறியபோது

1974க்கும் 1989க்கும் இடைப்பட்ட மாற்றத்தை ஜெஃப்ரி ஹேமர், இஜாஸ் நபி, ஜேம்ஸ் செர்கோன் ஆகிய மூவர் ஆராய்ந்து 1995இல் வெளியிட்டார்கள். அரசாங்க மருத்துவச் செலவு முன்பைவிட அதிகமாக ஏழைகளைச் சென்றடைந்தது என்பது அவர்கள் கண்டது. கிராமங்களில் கிளினிக்குகள் கூடியது ஒரு காரணம். இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. 1980களில் தனியார் மருத்துவமனைகள் பெருகின. வசதி உள்ளவர்கள் வரிசையில் காத்திருக்க மனமின்றி அங்கே போனார்கள். ஒரு வெள்ளிக் கட்டண வரிசையில் மீந்து நின்றவர்கள் ஏழைகள். ஆக, புள்ளிவிவரம் ஏழைகளுக்குச் சாதகமாகத் திரும்பியதில் நல்ல செய்தியும் இருக்கிறது, கவலையும் இருக்கிறது. செல்வாக்குள்ளவர் வரிசையை விட்டுப் போனால், வரிசை ஏன் இவ்வளவு நீளம் என்று அதட்டிக் கேட்கவும் ஆள் இல்லாமல் போகிறது. அவர்களோடு அனுபவமிக்க நிபுணர்களும் போய்விடுகிறார்கள்.

ஆசியாவின் 11 நாடுகளை ஒப்பிட்டு 2006இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. எடி வான் டோர்ஸ்லார், ஓவன் ஓ'டானல் முதலியோர் செய்தது. மருத்துவத்துக்குக் கைக்காசு செலவழித்ததால் 78 மில்லியன் மக்கள் கூடுதலாக வறுமைக் கோட்டுக்குக் கீழே தள்ளப்பட்டார்கள் என்று அது கணக்கிட்டது. அந்தப் பட்டியலில் மலேசியாவின் பங்கு மிக அற்பம். அந்த ஒரு வெள்ளியை எள்ளி நகையாடுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

தோட்டத்துக் கதை இதற்குள் வேறு திசையில் போயிருந்தது. 1980களிலும் 1990களிலும் தோட்டங்கள் வீட்டுமனைகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது, வேலை, வீடு, டிரசர் மூன்றும் ஒரே நாளில் கைநழுவின. மலேரியாவின் இடத்தில் இனிப்பு நீர் வந்து உட்கார்ந்தது. 2019ஆம் ஆண்டுத் தேசிய உடல்நல ஆய்வின்படி நாட்டில் வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியரிடையே அது ஏறத்தாழ 31 விழுக்காடு. மலேரியாக் காய்ச்சல் வந்தால் ஆளைப் படுக்க வைத்துவிடும். இனிப்பு நீர் அப்படியல்ல. பத்து ஆண்டுகள் சத்தமில்லாமல் உள்ளேயே இருக்கும். கிளினிக் பக்கத்தில் இருந்தால் மட்டும் போதாது. நோய் தெரியுமுன்பே போய்ப் பரிசோதிக்க அரை நாள் சம்பளத்தை விட வேண்டும். 40 வயதுக்கு மேற்பட்ட குறைந்த வருமானத்தினருக்கு இலவசப் பரிசோதனை தரும் பெக்கா பி40 திட்டம் 2019இல் தொடங்கியது இதற்காகத்தான். தகுதியுள்ளவர்கள் வீட்டில் யார் இருந்தாலும் அழைத்துப் போங்கள்.

இன்று நம் தாத்தாக்கள் இருந்த லயங்களில் இந்தோனேசியரும் வங்காளதேசிகளும் நேப்பாளிகளும் இருக்கிறார்கள். வெளிநாட்டவருக்கான அரசாங்க மருத்துவ மானியம் 2014 முதல் படிப்படியாகக் குறைக்கப்பட்டது; அவர்களுக்கு அந்த ஒரு வெள்ளி கிடையாது. சட்டப்படி அவர்களின் மருத்துவம் முதலாளியும் காப்புறுதியும் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம். தொழிலாளர் விடுதிகளும் கட்டுமானத் தளக் குடியிருப்புகளும் வீட்டுக் கணக்கெடுப்புகளில் வழக்கமாகச் சேர்வதில்லை. அடுத்து ஒரு மீர்மன் வந்து ஐந்து பங்காக வீடுகளை வரிசைப்படுத்தினாலும், எந்தப் பங்கிலும் அவர்கள் இருக்கமாட்டார்கள்.